சமையலறை உள்ள தோட்ட வீடு

ஏலகிரியில் வாடகைக்கு விடும் தோட்ட வீடுகளின் விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'சமையலறை வசதி உண்டு'. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அதைப் படித்ததும் முகம் மலரும். எனக்கு வயிறு கலங்கும். குடியாத்தத்தில் தினமும் நான் கட்டி மாரடிக்கும் குக்கரும் கரண்டியும் மாவு டப்பாவும் மலையேறப் போகின்றன, கூடவே நானும்.

அதனால் இந்த மே மாதம் கிளம்பும் முன்பே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மலையில் இருக்கும்வரை அடுப்பு உங்கள் பொறுப்பு, நானும் நாத்தனாரும் அந்தப் பக்கமே வரமாட்டோம் என்று. கைலிக் கடையில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவர் அல்லவா? "காலை டிபன் மட்டும்னா சரி" என்றார். "டீயும் சேர்த்து" என்றேன். மதியமும் இரவும் தோட்டத்து வாட்ச்மேன் அண்ணன் வீட்டில் காசு கொடுத்துச் சமைக்கச் சொல்வது என்று முடிவானது. போகிற அன்றைக்கு ஆம்பூர் பிரியாணி. வழியில் ஆம்பூர் இருக்கும்போது சோறு கட்டிக்கொண்டு போகிறவர்களை என்னவென்று சொல்ல? சீரகச் சம்பா வாசனை காருக்குள் சுற்றிவர, கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும் கசியாமல் மடியில் பிடித்துக்கொண்டு போனோம்.

பொன்னேரி தாண்டியதும் மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். பிள்ளைகள் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் என் சின்னவன் தன் பங்குக்குக் காலையில் தின்ற இட்லியைக் கொடுத்தான். எலுமிச்சம்பழத்தை மோந்தபடி மீதி வள்ளல்களைக் கடந்தோம்.

அத்தைக்கு இன்னும் இது 'நம்ம ஜில்லா'தான். 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது ஏலகிரி அந்தப் பக்கம் போய்விட்டது என்று சொன்னால், 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்ததையே அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் எடுத்த இடம் அத்தனாவூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி உள்ளே இருந்தது. ஒரே வேலிக்குள் ஓட்டுக் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திண்ணை, நடுவில் பொதுவாக ஒரு புல்தரை, ஊஞ்சல், ஷட்டில் ஆட ஒரு வலை. பலா மரங்களில் அடியிலிருந்தே காய் தொங்கியது. வெயில் இல்லாமல் இல்லை. ஏலகிரி 1,000 மீட்டருக்குச் சற்று மேல்தான். வேலூரைவிட ஐந்தாறு டிகிரி குறையும், அவ்வளவுதான். வேலூர் 40-ஐத் தாண்டிக் கொதிக்கும்போது அந்த ஐந்தாறு டிகிரிக்கு என்ன விலையும் கொடுக்கலாம். ஆனால் ஊட்டியை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் எடுத்துப் போனால் அது பையிலேயே தூங்கும்.

'ஏலகிரியில பார்க்க ஒண்ணுமே இல்ல' என்று எங்கள் தெருவில் பலர் சொல்வார்கள். புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா, ஒரு கோயில், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், சாயங்காலம் இறங்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்த ஊரைப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். பார்க்க நிறைய இருந்தால் எங்கள் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பி வண்டியில் ஏற்றிவிடுவார். அதுவும் ஒரு வேலைதான், சம்பளம் இல்லாத வேலை. ஏரிக்கு ஒருநாள் போனோம். பிள்ளைகளும் அவரும் பெடல் படகை மிதித்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து மசாலா தடவிய மாங்காய் தின்றேன்.

காலை டிபன் கதையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் உப்புமா. ரவையை வறுக்காமலே கொட்டிவிட்டார், கட்டி கட்டியாக நின்றது. நாத்தனார் எழப் பார்த்தாள், அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "அண்ணனுக்கு உதவி பண்ணாதே, அப்புறம் பழகாது." டீயை ஒரு வாய் குடித்த அத்தை, "இதுக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டு டீயே மேலுடா" என்றார். குறை சொன்னாரே தவிர நாற்காலியை விட்டு எழவில்லை. எங்கள் குடியாத்தம் வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் அடுப்பின் முன் நின்ற மனுஷி அவர். அடுத்த நாள் தோசை ஊற்றும் சத்தம் கேட்டபோதும் திரும்பிப் பார்க்காமல், சாக்பீஸால் தரையில் தாயக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தாயத்தில் அவர் பண்ணும் கள்ளாட்டத்தை இங்கே எழுத முடியாது, பேரன் படிப்பான்.

வாட்ச்மேன் வீட்டு அக்கா மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சாதம், குழம்பு எல்லாம் செய்து தந்தார். ஆனால் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவர்கள் வீட்டுக்குக் கிண்டிய கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். கடைசலில் பூண்டு தூக்கலாக இருந்தது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், அவர்கள் பங்கும் எனக்கே.

ஒரு சாயங்காலம் நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. மழை விட்டதும் வானம் முழுக்க நட்சத்திரம். வீட்டுக்காரர் உடனே காவலூர் போகலாம் என்று ஆரம்பித்தார். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு பெயரில் இருக்கும் வான் ஆய்வகம்தான். 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நான் எதிரியில்லை. ஆனால் இந்த மலையிலிருந்து இறங்கி, ஆலங்காயம் போய், அந்த மலையில் ஏற வேண்டும். "அடுத்த வருஷம்" என்றேன். "திண்ணையிலிருந்து தெரியறதைப் பாருங்க" என்றாள் பெரியவள், அப்பாவின் போனில் நட்சத்திரப் படம் காட்டும் ஆப்பைத் திறந்துகொண்டு.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சனி, ஞாயிறு வேண்டாம், வாடகையும் கூடுதல், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தமும் கூடுதல். குரங்குகள் உண்டு, ஜன்னலைச் சாத்தாமல் தூங்காதீர்கள். நாத்தனார் இப்போதே டிசம்பருக்குக் கேட்கிறாள். அப்போது உண்மையிலேயே குளிரும், அத்தைக்கு வெந்நீர் வேண்டும். இந்த முறை நாங்கள் எடுத்த வீட்டு ஹீட்டர் சுடவே இல்லை, பக்கெட்டில் தூக்கிவந்தோம். அதைச் சரிசெய்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் அனுப்பப் போகிறேன். வீட்டுக்காரர் அதற்குள் ரசம் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.