அண்ணாச்சியின் பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்

பெங்களூர் அல்சூரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அண்ணாச்சிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பெங்களூரில் ஒரு வங்கிக் கிளையில் தொலைபேசி இயக்குநராகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய வரிக் கணக்கின் பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அண்ணன் மகனுக்குத் தெரியும்; அவன் வேலை கிடைத்து ஹைதராபாத் போனபின் உதவிக்கு வந்த மாடிவீட்டுப் பையனுக்குத் தெரியும்; ஆடிட்டர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்குத் தெரியும்; தெருமுனை பிரவுசிங் சென்டர்காரர் தம் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவது விரலையும் மடக்கிவிட்டு, "எனக்கும் தெரியும் தம்பி" என்று சிரித்தார்.

நான் அரசு வரித்தளம் ஒன்றின் முகப்புப் பக்கங்களை எழுதிப் பராமரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். எந்த அரசு, எந்தத் துறை என்பதை ஒப்பந்தம் கருதி இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தளத்தை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி திருத்தும் பொறுப்பு எங்களிடம் வந்தபோது, அதை வசதி சார்ந்த ஒரு வேலையாகவே, அதாவது கட்டடத்துக்குச் சாய்தளம் போடுவது போன்ற ஒன்றாகவே நான் நினைத்திருந்தேன். அண்ணாச்சி விரல்களை மடக்கிய பிறகுதான், இது அடிப்படையில் அந்தரங்கம் சார்ந்த விஷயம் என்பது எனக்கு உறைத்தது. தன் சொத்தையும் வாடகை வருமானத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் உடன்பிறந்தவனிடம்கூடக் காட்டத் தயங்குகிற நம் ஊரில், படிவத்தைத் தானே நிரப்ப முடியாத ஒருவர் இவை அனைத்தையும், கூடவே கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும், அந்த நேரத்தில் யார் கிடைக்கிறாரோ அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியிருக்கிறது.

சட்டம் இதற்கெல்லாம் முன்பே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு மின்னணு ஊடகத்தில் வரும் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களுக்கென்று 2009 முதலே வழிகாட்டுநெறிகள் உண்டு. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று, அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பு வந்தது. அடையாளச் சரிபார்ப்பின்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னால், இமைகளை இழந்தவர் என்ன செய்வார் என்பதே அவ்வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. தீர்ப்புகளின் வெப்பம் படிப்படியாக இறங்கி எங்கள் மேசைக்கு வரும்போது ஒரு எக்செல் கோப்பாகியிருந்தது.

அந்தக் கோப்பில் எங்கள் தளத்துக்கு ஏறக்குறைய எல்லாமே பச்சைதான். தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்றை ஓட்டியிருந்தார்கள். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து, உண்டா, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற நிற வேறுபாடு உண்டா என்பன போன்றவற்றை அது சரிபார்த்துவிடும். மாற்று உரை என்று எழுதியிருப்பதில் பொருள் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பச்சையை நம்ப முடியாமல்தான் மடிக்கணினியோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்.

அவர் தம் கணினியிலேயே செய்து காட்டுவதாகச் சொன்னார். அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள், இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது, விலை கிடையாது, இந்தியாவில் மாணவர்கள் முதல் ஓய்வூதியர் வரை நம்பியிருப்பது பெரும்பாலும் அதைத்தான். அண்ணாச்சி கணினியைத் திறந்ததும் திரை கறுப்பாகவே இருந்தது. பழுதோ என்று நினைத்தேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலிருக்க, திரையை இருட்டாக்கும் திரைச்சீலை என்ற வசதி என்விடிஏயில் உண்டு. அண்ணாச்சி அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, எனக்குப் பார்க்கணுமே" என்றேன். "பாத்தாத்தான் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, நக்கலை ரசிக்க எனக்குச் சற்று அவகாசமும் கொடுத்து, விசையைத் தட்டித் திரையை வெளிச்சமாக்கினார். குரலின் வேகத்தை மட்டும் நான் கேட்டும் அவர் அதிகம் குறைக்கவில்லை. அவர் பழகிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவருக்கோ நான் கேட்ட வேகம் கொட்டாவியை வரவழைத்தது.

முதல் தடை, உள்ளே வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா. கோணல்மாணலான ஆறு எழுத்துகள் கொண்ட அந்தப் படத்தைத் திரைவாசிப்பான் "கிராஃபிக், கேப்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. மாற்று உரை இருக்கிறதல்லவா, ஆகவே எக்செல் கோப்பில் பச்சை. அருகிலேயே ஒலி கேப்சாவுக்கான ஸ்பீக்கர் படம் இருந்தும், சுட்டியால் மட்டுமே சொடுக்கும்படி நாங்கள் அதை எழுதியிருந்ததால் டேப் விசை அதன் மேல் நிற்கவே இல்லை. அன்றைக்கு அந்த ஆறு எழுத்துகளையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அண்ணாச்சியின் பட்டியலில் ஆறாவது ஆள் நான்.

உள்ளே போனபின் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையப் பக்கங்களை எழுதும் மொழியில், 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 முதலே, இதற்கென்று ஒரு கூறு இருக்கிறது. அதை அப்படியே போட்டிருந்தால் எந்தத் திரைவாசிப்பானும் "மாவட்டம், பட்டியல், இத்தனையில் இத்தனையாவது" என்று சொல்லியிருக்கும். அழகு போதவில்லை என்று வெறும் பெட்டி ஒன்றை வரைந்து, சொடுக்கினால் பட்டியல் விழுவதுபோல் ஜாவாஸ்கிரிப்டில் நாங்களே கட்டியிருந்தோம். சொல்லப்போனால், அதைக் கட்டியவன் நான்தான். அந்த நிழல் விழும் விளிம்புக்காக அலுவலகத்தில் பாராட்டும் வாங்கியிருந்தேன். அண்ணாச்சியின் காதில் அது "தேர்ந்தெடுக்கவும்" என்ற ஒற்றைச் சொல்லாக விழுந்தது. எதை, எப்படி என்று எதுவும் இல்லை. தேதிக்கான நாட்காட்டியோ முப்பத்தொரு முறை "பட்டன், பட்டன்" என்றது.

இருந்தும் அவர் விடவில்லை. அம்புக்குறிகளாலும் ஊகத்தாலும் படிவத்தின் கடைசிவரை வந்து சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்தினார். திரையின் மேல்பக்கத்தில், ஐஎஃப்எஸ்சி எண் பிழை என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது மௌனம். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருந்தேன் என்றாலும், நான்காவது முறையாக அவர் அழுத்தியபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. பிறகு, நேரம் முடிந்துவிட்டதென்று தளம் அவரை வெளியேற்றியது. அதையும் அது அவரிடம் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் திரும்பவும் "கிராஃபிக், கேப்சா" என்ற குரல் கேட்டபோதுதான் அவருக்குப் புரிந்தது.

இவற்றுக்கான தீர்வுகளில் எதுவும் பெரிய வித்தை அல்ல. பிழை வந்தால் கர்சரை அந்தப் பெட்டிக்கே கொண்டுபோய் நிறுத்தி, என்ன பிழை என்பதைக் குரல் உடனே வாசிக்கும்படி அறிவிப்புக் குறிப்பு சேர்ப்பதற்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. நாட்காட்டியைத் தூக்கிவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள் வைத்தோம். நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது இருபது வினாடி தர வேண்டும் என்பது சர்வதேச இணைய அணுகல் நெறி சொல்வது, அதையும் செய்தோம். பணமும் சட்டப் பொறுப்பும் தொடர்பான படிவங்களில் இறுதிச் சமர்ப்பிப்புக்கு முன் சரிபார்த்துத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே நெறி கேட்கிறது. வரிப் படிவத்துக்கு அது எல்லோருக்குமே வேண்டியது. என் அம்மாவுக்கும் வேண்டும்.

இழுபறி வந்தது பாதுகாப்புக் குழுவோடுதான். வங்கிக் கணக்கு எண்ணையும் பாஸ்வேர்டையும் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டவிடாமல் தடுத்திருந்தார்கள், கையாலேயே தட்ட வேண்டுமாம். பெருமூளை வாதத்தால் கை நிலைகொள்ளாத ஒருவர் பதினைந்து இலக்கங்களை இரண்டு முறை பிழையின்றித் தட்டுவதற்குள் படிவத்தின் நேரமே முடிந்துவிடும். 2023 அக்டோபரில் வெளிவந்த நெறியின் 2.2 பதிப்பு, உள்நுழைவில் எதையும் நினைவில் வைத்திருக்கவோ படியெடுத்து எழுதவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்வதை எடுத்துக் காட்டினேன். கேப்சாவை எடுத்துவிட்டால் தானியங்கி நிரல்கள் புகுந்துவிடும் என்ற அவர்களுடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கடைசி நாட்களில் அது உண்மையாகவே நடக்கும். ஒரே முகவரியிலிருந்து வரும் முயற்சிகளுக்கு சர்வரிலேயே வரம்பு வைப்பது, கேப்சாவை மூன்று தோல்விகளுக்குப் பின் மட்டும், விசைப்பலகைக்கு எட்டும் ஒலிவடிவத்தோடு காட்டுவது, ஒட்டும் தடையை நீக்குவது என்று ஏழு வாரங்களில் உடன்பாடு வந்தது.

கன்னடப் பக்கங்களில் வேறொரு கூத்து. எழுத்து முழுதும் கன்னடம். ஆனால் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறித்திருந்ததால், ஆங்கிலக் குரல் கன்னட எழுத்துகளைக் கண்டதும் திணறியது. திருத்தம் ஒரே ஒரு சொல். காது கேளாதவருக்கு உதவி எண் என்று தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்திருந்த பக்கத்தில் மின்னஞ்சலையும் எழுத்துவழி உரையாடலையும் சேர்க்கப் பிடித்த காலமோ மூன்று மாதம், ஏனெனில் அதற்கு நிரல் போதாது, பதில் எழுத ஆள் வேண்டும்.

வருமான வரிச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சலுகை தருவது பலருக்குத் தெரிந்திருக்கும். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80யூ பிரிவின்படி 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். அதைக் கோருவதற்குக் குறைபாட்டின் தன்மையையும், அடையாள அட்டை இருந்தால் அதன் விவரத்தையும் படிவத்தில் தர வேண்டியிருந்தது. பார்வை இல்லை என்பதற்கான சலுகையைக் கோரும் பெட்டியைப் பார்வை உள்ள ஒருவரைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும் என்ற நிலை எந்த வரித்தளத்தில் வந்தாலும், சலுகையின் ஒரு பங்கு நிரப்புபவரின் கூலிக்குப் போய்விடும். அண்ணாச்சி பிரவுசிங் சென்டருக்கு ஒவ்வொரு முறையும் முந்நூறு ரூபாய் கொடுத்துவந்தார்.

எங்கள் தளத்தின் புதிய வடிவம் வெளியான வாரத்தில், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. தாமே வரியைக் கட்டி முடித்ததாகச் சொன்னார். முதல் வேலையாகப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாராம். ஆனால் ரசீது பேசவில்லை என்றார். பிடிஎஃப் வேறொரு குழுவின் பொறுப்பு. அவர்கள் ரசீதைப் படமாக உருவாக்குகிறார்கள், அதில் வாசிக்க எழுத்தே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் இங்கிருந்தே திறந்து பார்க்கட்டுமா, பாஸ்வேர்ட் சொல்லுங்கள் என்றேன், பழக்க தோஷத்தில்.

"அத மட்டும் கேக்காதீங்க தம்பி. இங்க வாங்க, நானே தெறந்து தாரேன்" என்றார்.

போனேன். திரைச்சீலையை விலக்கி, ரசீதைத் திறந்து, கணினியை என் பக்கம் திருப்பினார். தொகையையும் ரசீது எண்ணையும் தேதியையும் உரக்க வாசித்தேன். அவர் கட்டிய வரி எவ்வளவு என்பது இப்போது எனக்குத் தெரியும். ரசீதைத் திருத்தச் சொல்லி அன்றே பதிந்த கோரிக்கை, முத்திரைச் சின்னத்தின் நிறத்தை மாற்றும் வேலைக்குக் கீழே இன்னும் காத்திருக்கிறது.