குவாரிப் பாறையும் நீலப் பூங்குருவியும்: நாட்குறிப்பு

அக்டோபர் 28
காலை 6.40. கைவிடப்பட்ட கல்குவாரியின் உச்சிப் பாறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் சிறிது. சாம்பலும் பழுப்புமாக ஒரு மங்கல் நிறம், மார்பெல்லாம் மீன்செதில் வரிகள். இருநோக்கியைச் சரிசெய்வதற்குள் பாறைக்குப் பின்னால் சரிந்துவிட்டது. "நீலப் பூங்குருவி, பெண்" என்று நோட்டில் எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம்.

அக்டோபர் 29
இரண்டு மணி நேரம் காத்திருந்தும் கருஞ்சிட்டு ஜோடி மட்டும்தான்.

நவம்பர் 12
அதே பாறை, அதே முனை. கீழே எதையோ பார்த்துத் தொப்பென்று இறங்கி, ஓர் ஓணான் குட்டியோடு ஏறி வந்தது. கல்லில் நாலு அடி அடித்து விழுங்கியது. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, நீலத்தலைப் பூங்குருவியா இருக்குமோ?"

"அது மரநிழல் தேடுற ஆளு தம்பி. வெட்டவெளியில பாறை உச்சியில உட்காருதுன்னா நீ எழுதினதுதான்."

பெயர் சரி என்றார். ஆணா பெண்ணா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 24
இன்னொன்று வந்தது! அரை நிமிடம்கூட இருக்க விடவில்லை நம்முடையது. குவாரியின் மறுகரைவரை விரட்டிவிட்டுத்தான் திரும்பியது. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும்கூட ஆளுக்கொரு எல்லை பிரித்துக்கொண்டு தனித்தனியாகத்தான் இருக்கும். 1758இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதற்கு 'சொலிட்டேரியஸ்', அதாவது தனித்திருப்பது, என்று பெயர் வைத்தார். பொருத்தம்தான்.

ஜனவரி 21
தொண்டையில் நீலம் தெரிகிறதே? வெளிச்சத்தின் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18
வெளிச்சத்தின் வேலை இல்லை. தலை, முதுகு, மார்பு எல்லாம் சிலேட்டு நீலம். வாலும் இறக்கையும் கருப்பு. ஆண்!

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியதும்தான் விளங்கியது. கோடை முடிவில் இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும்போது, ஒவ்வொரு நீல இறகின் நுனியிலும் வெளிர் நிறத்திலும் கருப்பிலும் ஒரு விளிம்பு இருக்கும். அக்டோபரில் நான் பார்த்த செதில் வரிகள் அந்த விளிம்புகளே. குளிர்காலம் முழுக்க அவை தேய்ந்து உதிர உதிர, உள்ளே இருந்த நீலம் வெளியே வருகிறது. இனப்பெருக்கக் காலத்துக்கு இந்தப் பறவை புதுச்சட்டை வாங்குவதில்லை. பழைய சட்டையைத் தேய்த்தே பளபளப்பாக்கிக்கொள்கிறது. நான்கு மாதம் ஓர் ஆணைப் பெண்ணென்று எழுதிவந்த நோட்டை இன்று சிவப்பு மையால் திருத்தினேன்.

வயிற்றையும் சரிபார்த்தேன். செம்பழுப்பு இல்லை, அதுவும் நீலம். ஜப்பான், கொரியா பக்கத்து ஆண்களுக்குத்தான் வயிறு செம்பழுப்பு. இது இமயமலைப் பாறைகளில் கூடு கட்டும் 'பாண்டூ' வகையாக இருக்க வேண்டும்.

மார்ச் 3
2016 டிசம்பரில் இதே இனப் பறவை ஒன்று இங்கிலாந்தில், ஸ்டோ-ஆன்-த-வோல்டு ஊரின் வீட்டுக் கூரைகளில் வந்து உட்கார்ந்தது. பார்க்கக் கூட்டம் திரண்டதாம். இங்கே குவாரியில் பார்வையாளன் நான் ஒருவன். மால்டாவில் இது தேசியப் பறவை.

மார்ச் 24
பாடியது. அலகைத் திறந்த மாதிரியே தெரியவில்லை, தொண்டை மட்டும் துடித்தது. முப்பது அடி தூரத்தில் காற்று நின்றபோதுதான் கேட்டது. உரத்த பாட்டை மலைக்கு மிச்சம் வைத்திருக்கிறது போலும்.

ஏப்ரல் 7
இரண்டு வாரமாக இல்லை. உச்சிப் பாறையில் வெள்ளை எச்சம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் கருஞ்சிட்டு ஆண் வாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தது.