உள்ளங்கைக்குள் அடங்கும் பொன்சாய்ச் சாடி: வெள்ளவத்தையில் செய்த விதம்

மதில் வெடிப்பிலும் பீலியிலும் முளைக்கும் ஆலங்கன்றுகளுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. அப்படி ஒன்றைப் பிடுங்கி வந்து, கிள்ளிக் கிள்ளி அரைச்சாண் உயரத்துக்குள் வைத்திருக்கிறேன். மரத்தைச் சாடியில் குள்ளமாக வளர்க்கும் பொன்சாயில், ஜப்பானியர் 'மாமே' என்னும் குட்டி வகை இது. கடைச் சாடிகளில் வைத்தால் கன்று இருக்கிற இடமே தெரியாது. ஜப்பானின் தொக்கொனாமே ஊரில் செய்யும் சாடிகள் அழகுதான், விலை கட்டாது. அதனால் நானே செய்யத் தொடங்கினேன்.

மண், கேகாலைப் பக்கத்து மொலகொடையில் ஒரு குயவர் வீட்டில் வாங்கியது. பானைக்குக் குழைத்த மண்ணில் சிறுகல் கிடக்கும். இந்த அளவுக்கு அது ஆகாது. தண்ணீரில் கரைத்து, மா அரிதட்டில் அரித்து, துணியில் வடியவிட்டேன். உடைந்த ஓடுகளை இடித்த தூளும் கொஞ்சம் சேர்த்தேன், வெடிப்புக் குறையும். காய்ந்து வேகும்போது மண் ஏறத்தாழ பத்திலொரு பங்கு சுருங்கும் என்பதால் 6 சென்றிமீற்றர் சாடி வேண்டுமென்றால் 7 அளவில் வனைய வேண்டும்.

சாடியின் உயிர் அதன் ஓட்டையில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் விளிம்பையும் நிறத்தையும் பார்ப்பார்கள், கன்றுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. மண் தோல் பதத்துக்கு, அதாவது ஈரம் இருந்தும் வளையாத அளவுக்கு, இறுகியதும் உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். மாறிக் குத்தினால் பிசிறு உட்பக்கம் எழும்பி, ஓட்டையைச் சுற்றி நூலளவு வரம்பு நிற்கும். அந்த வரம்புக்குள் தேங்கும் தண்ணீர் போதும், வேர் அழுக. பென்சில் பருமனில் நடுவில் ஒன்று, செடியைக் கம்பியால் கட்ட இரண்டு சின்ன ஓட்டைகள். அடியில் மூன்று கால்கள். கால் இல்லாவிட்டால் ஓட்டை இருந்தும் தண்ணீர் வடியாது.

காயவைப்பதுதான் பெரும்பாடு. கடற்காற்று ஒரு பக்கமாக அடிக்கும். அந்தப் பக்கம் முந்திக் காய்ந்து இழுக்க, மற்றப் பக்கம் வெடிக்கும். கவிழ்த்து, பொலித்தீன் பையால் மூடி, நாளுக்கு நாள் பையின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளையில் அது ஆவியாகிச் சாடியைப் பிளக்கும்.

சுட்டுத் தந்ததும் அதே குயவர் குடும்பம்தான். பெரிய பானைகளின் வயிற்றுக்குள் அடுக்கி வைத்தார்கள். செங்கல் நிறத்தில், தட்டினால் கணீரென்று வந்தன.

மெருகு பூசாத சாடி என்பதால் ஈரத்தைச் சுவர் வழியாகவும் விடும். மே மாத மழைக்கு அது பெரிய உதவி. வெயில் நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவே போதும். தட்டில் மணல் பரப்பி, மணலை மட்டும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள்.