கோயில் ரோடு யாருடைய ரோடு?

எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகிற ரோடு முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குத் தார் போட வைத்து, ஓரத்து லோங்கானை (சாக்கடையை)க் கட்ட வைத்து, விளக்கை எரிய வைக்க எனக்குப் பதினாறு மாதம் ஆனது. அதுவும் முழுசாக முடியவில்லை.

ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பால்மரம், இப்போது சுற்றிலும் செம்பனை. இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு கிளினிக். தொண்ணூறுகளின் கடைசியில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) உடைத்தபோது, தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கம்பெனி வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தது. அந்தத் தாமானில்தான் நாங்கள் இருக்கிறோம். அப்பா குலை வெட்டியவர். நான் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுகிறேன்.

2023 ஜூலையில் ஒரு லாரி வந்தது. ஆகஸ்ட் 12இல் சட்டமன்றத் தேர்தல். லாரியிலிருந்து தாரைக் கொட்டி, குழிகளை மட்டும் மூடி, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனார்கள். யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நானும் கட்டைவிரல் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

நவம்பர் மழையில் அந்தத் தார் பெயர்ந்து லோங்கானுக்குள் போய் அடைத்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வரும்போது, ரோடு எது லோங்கான் எது என்று தெரியாமல் அம்மா கால் வைத்துவிட்டார். மேலே மூடியிருந்த பலகை எப்போதோ போய்விட்டது. விளக்கும் இல்லை. நல்லவேளை எலும்பு முறியவில்லை, கணுக்கால் பிசகியதோடு போனது. ஆனால் அம்மா இன்றுவரை சொல்வது காலைப் பற்றி இல்லை, தண்ணீரோடு போன வெள்ளித் தட்டைப் பற்றித்தான்.

மறுநாளே நகராண்மைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் புகார் பதிந்தேன். படம், இடம் எல்லாம் போட்டேன். எண் வந்தது. ஒன்பதாவது நாள் ‘செலேசாய்’ என்று வந்தது. முடிந்துவிட்டதாம்! காரணம் கேட்டு மறுபடி எழுதினால், அந்த ரோடு ஜூலையிலேயே பழுது பார்க்கப்பட்டுவிட்டது என்று பதில்.

அந்த லாரி வராமலே இருந்திருந்தால் என் புகார் திறந்தபடியே கிடந்திருக்கும். அரைகுறை வேலை ஒன்றும் செய்யாததைவிட மோசம். காகிதத்தில் அது முழு வேலையாக ஏறிவிடுகிறது.

அப்புறம் நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் பொதுப்பணித் துறையைக் கை காட்டினார். பொதுப்பணித் துறையில், பெரிய ரோடு மட்டும்தான் எங்களுடையது, உள் ரோடு நகராண்மைக் கழகம் என்றார்கள். லோங்கானைப் பற்றிக் கேட்டதும் வடிகால் நீர்ப்பாசனத் துறையைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களோ ஆறும் பெரிய வாய்க்காலும் மட்டும்தான் எங்கள் கணக்கு என்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லாரும் உட்கார வைத்துத்தான் பேசினார்கள். மூன்று நாள் லீவு போனதுதான் மிச்சம்.

நகராண்மைக் கழகத்துக் கவுண்டரில் ஒரு மலாய்க்கார அக்கா. இரண்டாவது தடவை போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சி என்று மலாயில் விளித்து, "டிக், ரோட்டுப் பேரை எழுதாதே, லோட் நம்பரை, நிலத்து எண்ணை, எழுது. இந்த ரோட்டுக்கு எங்கள் ஏட்டில் பேரே இல்லை" என்றார். பதினாறு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான். கோயில் ரோடு என்று நாங்கள்தான் கூப்பிடுகிறோம். ஏட்டில் அது பேரில்லாத ஒரு கோடு.

லோட் நம்பருக்கு எங்கே போவது? வீட்டுப் பத்திரத்தில் என் வீட்டு எண் மட்டும்தான் இருந்தது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டேன். பள்ளி இன்னும் கம்பெனி நிலத்தில்தான் இருக்கிறது. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்கும் இதே கதைதான். நிலம் அரசாங்கத்துடையது இல்லாததால் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே காலம் ஓடுகிறது. அந்த நில விவகாரத்துக்காகவே அவர் ஒரு பழைய வரைபடத்தைச் சுருட்டிப் பீரோவுக்கு மேலே வைத்திருந்தார். மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் மாணவர் நோட்டுகளை வைத்து அழுத்தினோம். பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே மெல்லிய பட்டை. அதன் மேல் பென்சிலில் ஐந்து இலக்கம். பாதி அழிந்திருந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்று எங்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

எட்டு. 2024 ஜனவரியில் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்த்தேன். அந்தப் பட்டை தோட்டக் கம்பெனியின் பேரில்தான் இருந்தது, அதுவும் இரண்டு முறை மாறிப்போன பழைய பேரில். வீடுகளைக் கட்டி வாங்குபவர்களிடம் கொடுத்தார்கள். ரோட்டை மட்டும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவே இல்லை. தாமான் கட்டினால் ரோட்டையும் லோங்கானையும் ஒப்படைத்து, ஊராட்சி மன்றம் (எங்களுக்கு நகராண்மைக் கழகம்) ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நடைமுறை. இங்கே அது இருபத்தைந்து வருடமாகப் பாதியில் நின்றது. நாங்களோ வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தவறாமல் வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தோம்.

இதை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டாரக் கவுன்சிலரைப் பார்த்தேன். சின்ன வயசுத் தம்பி. மமக் கடையில் தே தாரிக் டீ ஆறுகிற வரைக்கும் காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, காசு தேடித் தர்றது பெரிசில்ல. கம்பெனி நிலத்துல கழகத்துக் காசைப் போட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம். அதோட இது மாரிஸ்ல இல்ல."

மாரிஸ் என்பது மாநில ரோடுகளைப் பதிவு செய்கிற முறை. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி, மாநில ரோடுகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அந்தப் பதிவில் இருக்கிற ரோட்டுக்குத்தான் அந்தக் காசு. பதிவில் இல்லை என்றால், உங்கள் காலுக்குக் கீழே ரோடு இருந்தாலும் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசுக்கு அது இல்லை.

கவுன்சிலர் என்றதும் சிலருக்கு ஒரு நினைப்பு, நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் என்று. இல்லை. மாநில அரசு நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 24 பேர் வரை. 1965 வரை ஊராட்சி மன்றங்களுக்கும் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். அதை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடித்த அறிக்கையில் தேர்தல் திரும்ப வேண்டும் என்றே பரிந்துரைத்தார்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. எங்கள் தம்பி நல்லவர், வேலை செய்தார். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது அவரை நியமித்த இடத்துக்கு, எங்களுக்கு இல்லை. பேச்சில் அது தெரியும். செந்தூலில் இருக்கும் என் அண்ணன் சிரிக்கிறார்: "உனக்காவது கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்கார். இங்க கோலாலம்பூர்ல அதுவும் கிடையாது." அங்கே மேயரே நியமனம்தான். ஃபிளாட்டில் லிஃப்ட் ஓடவில்லை என்றாலும் நாடாளுமன்ற உறுப்பினர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ரோட்டுக்காக மனு எழுதிக் கையெழுத்து வாங்கியதை விட்டுவிட்டேனே. 112 பேர் போட்டார்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் இருந்த பையன் அடையாள அட்டை எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து, 31 பேரைத் தள்ளி வைத்தான். முகவரி தாமானில் இல்லையாம். எங்கே இருக்கிறது? உடைத்த லயத்தில்! என் அக்கா மகன் 2001இல் பிறந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே அந்த லயம் தரைமட்டம். அவன் அம்மா அப்பா முகவரியை மாற்றவில்லை, பன்னிரண்டு வயதில் அட்டை எடுத்தபோது இவனுக்கும் அதையே போட்டுவிட்டார்கள். 2021 டிசம்பர் 15இலிருந்து 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது, அட்டையில் இருக்கும் முகவரிப்படி. ஆக, செம்பனை நட்டிருக்கிற ஒரு மண்ணில், மூன்றாம் நம்பர் வீட்டில், என் அக்கா மகன் வாக்காளராக வாழ்கிறான். ஓட்டுக்கு ஆகிற முகவரி கையெழுத்துக்கு ஆகாதா என்று கேட்டேன். பையன் பேசாமல் 31 பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டான்.

பிப்ரவரியில் இன்னொரு மனுவும் போட்டேன். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எழுதிக் கேட்கலாம். நான் கேட்டது ஒன்றுதான்: ஜூலையில் அந்த ரோட்டில் நடந்த வேலை எந்தக் கணக்கில், என்ன பேரில் எழுதப்பட்டிருக்கிறது? இருபத்தாறு நாளில் ஒரு பக்கம் பதில் வந்தது. ‘சாலை மேம்பாடு’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒற்றைப் பக்கம் பிறகு பெரிய ஆயுதமானது. கம்பெனி நிலம் என்பதால் காசு போட முடியாது என்று யார் சொன்னாலும், ஜூலையில் மட்டும் எப்படிப் போட்டீர்கள் என்று அதை நீட்டினேன்.

கம்பெனிக்கு மூன்று கடிதம், மூன்றும் பதிவுத் தபால். முதல் இரண்டுக்கும் பதிலே இல்லை. தோட்டத்து மேனேஜர் தலைமையகத்துக்கு எழுது என்றார். கடைசியில் ஆபீசில் இருந்த பழைய கிராணியின் (குமாஸ்தாவின்) மகன்தான், எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். நில ஒப்படைப்பு முடிய நாளாகும், அதுவரை கழகம் அந்த இடத்தில் வேலை செய்ய ஆட்சேபம் இல்லை என்று ஜூனில் ஒரு சம்மதக் கடிதம் வந்தது. சரியான நேரம். அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு நடுவாண்டிலேயே பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள், ஆகஸ்டைத் தாண்டினால் 2026தான் என்று கவுன்சிலர் சொல்லியிருந்தார்.

மன்றக் கூட்டத்துக்கும் போனேன். அந்த 1976 சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றம் வேறு விதமாகத் தீர்மானிக்காத வரையில் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. வாசலில் இருந்த காவலருக்கு நான் எதற்கு வந்தேன் என்றே புரியவில்லை. யார் அழைத்தார்கள் என்று மூன்று முறை கேட்டார். யாரும் அழைக்கவில்லை, வரி கட்டுகிறேன் என்றேன். உள்ளே கேட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார வைத்தார். இரண்டு மணி நேரத்தில் எங்கள் ரோடு நாற்பது வினாடி வந்தது. யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. அதற்காகச் சேலை கட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

2025 மார்ச்சில் வேலை தொடங்கியது. காங்கிரீட் வாய்க்கால் துண்டுகளை லாரியில் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் ஐந்து பேர். அம்மா தினமும் பத்து மணிக்கு அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோனார். போகிற சாக்கில் லோங்கானுக்குள் எட்டிப் பார்ப்பார். தட்டு கிடைக்கவில்லை. ஒரு பித்தளை விளக்கின் அடிப்பாகம் கிடைத்தது. யாருடையது என்று தெரியாமல் கோயிலில் வைத்திருக்கிறோம்.

விளக்குக் கம்பம் ஏழு போட்டார்கள். ஐந்து எரிகிறது. ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். புகார் செய்யும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் வேலை நடக்கும். "கோயில் பக்கத்து விளக்கு" என்றால் நாட்டில் எத்தனை கோயில்! மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் 15454க்கு முதலில் அடித்தேன், அது அவர்களுடைய கம்பம் இல்லை, கழகத்துடையது என்று எண்ணைக் கேட்ட உடனே சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

தார் மட்டும் கோயிலுக்கு நாற்பது மீட்டர் முன்பே நின்றுவிட்டது. குத்தகைக்காரர் மண்ணைக் காலால் விலக்கி, சிவப்புச் சாயம் பூசிய எல்லைக்கல்லைக் காட்டினார். அதற்கு அப்பால் வேறு லோட்டாம், கோயில் நிற்கிற அதே லோட். அது யார் பேரில் இருக்கிறது என்று கோயில் தலைவருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் வரைபடத்தின் இன்னொரு தாள் பள்ளி ஸ்டோர் ரூமில் இருக்க வேண்டும் என்கிறார். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், பூதக்கண்ணாடியோடு.