கோதுமைக் காட்டுக்கு நடுவில் 150 வயதுச் சபை

அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்திலிருந்து வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமை வயல், பார்க்க வேறொன்றும் கிடையாது. 2019 ஜூலையில் ஒரு ஞாயிறு லிண்ட்ஸ்போர்க் போனோம், மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற கான்சாஸ் ஊர். கடை வாசலிலும் தெருமுனையிலும் வர்ணம் பூசிய பெரிய குதிரைகள், சுவீடன்காரர்களின் டாலா குதிரை. மகள் அதையே எண்ணிக்கொண்டு வந்தாள். நான் வந்தது பெத்தானி லுத்தரன் சபையைப் பார்க்க, மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவச் சபை. அதற்கு அந்த வருஷம் 150 வயது.

1869இல் ஓலோஃப் ஓல்சன் என்ற போதகர் சுவீடனின் வெர்ம்லாந்திலிருந்து தன் ஆட்களோடு இந்த வெட்டவெளிக்கு வந்து சேர்ந்தார். ஊரும் சபையும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அடுத்து வந்த கார்ல் சுவென்சன் சின்ன வயசுக்காரர், கை சும்மா இருக்காது போல. 1881இல் கல்லூரி ஆரம்பித்தார், அதுவும் கோயிலிலேயே. மறுவருஷம் மார்ச்சில் ஹேண்டலின் 'மெசியா', இயேசுவைப் பற்றிய பெரிய கூட்டிசைப் படைப்பு. ஓல்சன் லண்டனில் அதைக் கேட்டுவிட்டு வந்து மாய்ந்து மாய்ந்து சொல்லியிருக்கிறார், சுவென்சனின் மனைவி ஆல்மா பாடகர் குழுவைப் பழக்கினார், வீட்டில் சுவீடிஷ் மட்டுமே பேசிய விவசாயிகள் ஆங்கில வரிகளை உருப்போட்டுப் பாடினார்கள். இன்றும் வருஷா வருஷம் ஈஸ்டர் சமயத்தில் அந்த ஊரில் அதைப் பாடுகிறார்கள். நாங்கள் ஜூலையில் போய் நின்றோம், என்ன செய்ய.

ஆராதனை இப்போது முழுக்க ஆங்கிலம்தான். ஆனாலும் எப்போது எழுந்து நிற்பது, எங்கே 'ஆமென்' என்பதெல்லாம் எனக்குத் தானாக வந்தது. பாட்டி கையைப் பிடித்துப் போன கோயிலின் அதே ஒழுங்கு.

முடிந்ததும் காபி. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயசான அம்மா, "நீங்கள் எப்போது லுத்தரன் ஆனீர்கள்?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் தரங்கம்பாடிக் கதையை எடுத்தேன். ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் அங்கே வந்து இறங்கியது 1706, அதாவது உங்கள் ஊருக்கு 163 வருஷம் முன்னால் என்றேன். சிரித்துவிட்டார். சரி, அடுத்ததையும் சொல்லிவிடுவோம் என்று, முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளை வெள்ளைக்கார அரசு வெளியேற்றியபோது எங்கள் சபைகளைத் தாங்கிப் பிடித்தது சுவீடன் திருச்சபை, 1921இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயரானவர் எர்ன்ஸ்ட் ஹூமன் என்ற சுவீடன்காரர் என்றேன்.

"அப்போது உங்கள் பேராயர் இன்னும் சுவீடன்காரரா?"

"இல்லையம்மா, 1956இல் ராஜா மாணிக்கம் வந்துவிட்டார்."

பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் இன்னும் இரண்டு கிழவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது கோப்பை காபி. ஊருக்கு வெளியே இருக்கிற கொரனாடோ குன்றுக்குப் போவதாக இருந்தோம், அது அன்றைக்கு நடக்கவில்லை. மகள் எண்ணிக்கையும் பதினொன்றில் நின்றுவிட்டது.