அம்பாசிடர் துரு: பட்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அம்பாசிடரோ பத்மினியோ, பழைய வண்டியில் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் பானெட் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுதான். சின்னச் சுத்தியலை எடுத்து முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு டங்கென்று கேட்கும். உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) அப்பியிருந்தால் சத்தம் தொப்பென்று அடங்கும். காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காமல் நழுவும். பெயிண்ட் மேல் மிளகளவு கொப்புளம் இருந்தால் அடியில் கட்டை விரல் நுழைகிற அளவுக்குத் தகடு போயிருக்கலாம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். அந்த உப்பல்தான் பெயிண்டைத் தூக்குகிறது. அதாவது, வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

டெல்டா வண்டிகளுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் உப்பு. உள்ளே தள்ளி மன்னார்குடி, பாபநாசம் பக்கம் வேறு தொல்லை: அறுவடை நாளில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிப் போனால் தாளும் பதரும் வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும். முன் மட்கார்டுக்குள், சக்கரத்துக்குப் பின்னால், சேற்றோடு சேர்ந்து அடை மாதிரி அப்பிவிடும். மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் அந்த அடை காயாது. கதவுகளின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை அடைந்துவிட்டால் வடிகால் தூர்ந்த வயல் கதைதான்: தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், போக வழி இருக்காது.

ஆகவே தகட்டில் கை வைக்குமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிரைவர் காலடியில் தரை இற்றிருந்தால் பெரும்பாலும் முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலை ஒழுகும். ரப்பர் விரிப்பையும் அதன் அடியில் இருக்கும் மெத்தையையும் கழற்றி, ஒருவர் வெளியே குடத்தால் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒழுகலை விட்டுவிட்டுத் தகடு மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசி வரைதான் தாங்கும்.

வேலைக்கு ஏற்ற காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு, அடிக்கக் கூடாது. காலையில் தகட்டில் பனி படிந்திருந்தால் அது முழுக்கக் காயும்வரை பொறுங்கள். பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடிப்பது நல்லது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்கும் அடிக்காதீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து தின்னர் அடியில் மாட்டிக்கொள்ளும், பிறகு ஊசித்துளை ஊசித்துளையாக வெளியே வரும்.

துருவை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான பழுப்பு என்றால் கிரைண்டரில் மாட்டித் தேய்க்கும் 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் போதும். குழி விழுந்த தகட்டில்தான் பலரும் ஏமாறுவார்கள். கம்பி பிரஷ்ஷை கிரைண்டரில் மாட்டித் தேய்த்தால் தகடு பளபளக்கும், ஆனால் குழிக்குள் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும். அந்தப் பளபளப்பு துருவை மெருகேற்றியதுதான், எடுத்ததில்லை. அங்கே பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவரைப் பூசி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, 15 அல்லது 20 நிமிடம் கழித்துக் கைக்கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கறுப்பு போகும்வரை திரும்பச் செய்யுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக், துருவைச் சட்டென்று எடுக்கும், ஆனால் மடிப்புகளில் குளோரைடை விட்டுப்போகும். மறுநாளே தகடு மஞ்சளாகும். கழற்றக்கூடிய சின்னச் சாமான்கள், கீல், பிராக்கெட், போல்ட் போன்றவற்றை, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தாலே சுத்தமாகிவிடும்.

மூன்றாவது வகை ஓட்டை. இதில் வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைபர் மேட், ரெசின் எல்லாம் டிக்கி மூலைக்கு வேண்டுமானால் ஆகும்; சில்லுக்கு ஆகாது. இந்த இரண்டு வண்டிகளிலும் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எடையைத் தாங்குகிறது. சில்லை வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும், அப்புறம் கதவு சாத்தாது. அதனால் வெட்டுமுன் கதவைக் கழற்றி, கதவுச் சட்டத்தின் குறுக்கே ஓர் அங்குலச் சதுரக் குழாயை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் டேக் (சின்ன வெல்டுப் புள்ளி) வைத்துக் கட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம்.

சில்லுக்கும் தரைக்கும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லி, மட்கார்டுக்கும் கதவின் அடிக்கும் 20 கேஜ், சுமார் 0.9 மில்லி. சிஆர் (கோல்டு ரோல்டு) ஷீட் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு துருப்பிடிக்காதே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதை வெல்டு செய்தால் துத்தநாகப் புகை வந்து ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். வெட்டும்போது துரு முடிந்த இடத்தில் நிறுத்தாமல், இன்னும் ஓர் அங்குலம் நல்ல தகடு வரை போங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையில் விரிசல் விடும். அட்டையில் அச்செடுத்து, தகட்டை வெட்டி, இடைவெளி ஒரு மில்லிக்குள் இருக்கும்படி அரம் பிடியுங்கள்.

வெல்டிங்குக்கு, கம்பி தானே வந்து உருகும் மிக் மெஷின், 0.8 மில்லி கம்பி, 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டைத் துளைத்துவிடும், கேஸ் வெல்டிங் நெளித்துவிடும். 20 கேஜுக்கு 35 ஆம்பியர் அளவில் ஆரம்பித்து, வெட்டி எறிந்த துண்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் காலையில் வைத்த செட்டிங் மதியம் பிடிக்காது. கோடாக இழுக்காதீர்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எதிரெதிராக. ஒரு புள்ளி கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. பொறுமை இல்லாதவர் தகடு அப்பளமாகத்தான் வரும். கம்பி துளைத்துக்கொண்டு போனால் பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடியுங்கள், வெல்டு அதில் ஒட்டாது. கும்பகோணம் பாத்திரக் கடைக் கழிவில் கிடைக்கும் தட்டையான செம்புத் தகடு இதற்குப் போதும். காற்றடிக்கும் இடத்தில் செய்தால் மிக் மெஷினிலிருந்து வந்து வெல்டை மூடிக் காக்கும் கேஸ் கலைந்து வெல்டு பஞ்சு மாதிரி ஓட்டையாகும். ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள்.

தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். டிக்கிப் பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்க்கை இறக்கித் தூரமாக வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, ஆவி நிறைந்திருக்கும். அடியில் அப்பிய வைக்கோலை ஒன்றுவிடாமல் எடுங்கள். தீப்பொறி அதில் விழுந்து அரைமணி நேரம் கழித்துப் பற்றும். வேலை முடிந்தும் ஒருமணி நேரம் வாளித் தண்ணீரோடு அங்கேயே இருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும்.

யாரும் யோசிக்காத ஒன்று, கழுவுகிற தண்ணீர். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரை வைத்து ஆசிட்டைக் கழுவினாலோ வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தாலோ, காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத உப்பு தகட்டில் தங்கும். மேலே எவ்வளவு விலையான பெயிண்ட் அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தைப் பெயிண்ட் வழியாக உள்ளே இழுக்கும். ஆறு மாதத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள், காரணம் குழாய். மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ இரண்டு குடம் இருந்தால் ஒரு பக்கத்துக்குத் தாராளம். கழுவியதும் துடைத்து, ஹேர் டிரையரால் மடிப்புகளைக் காய வைத்து, ஒருமணி நேரத்துக்குள் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் வகை எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். வெறுங்கையால் தகட்டைத் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் மறுநாள் விரல் ரேகையே துருவாகத் தெரியும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஜன்னல் கம்பிக்குச் சரி, இங்கே வேண்டாம், அது ஈரத்தை விடும்.

பட்டி இதற்குப் பிறகுதான், எபாக்சியை 180 பேப்பரால் சொரசொரப்பாக்கி அதன் மேல். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் மேல் பெயிண்டில் மஞ்சள் கறை ஊறி வரும். கனம் 3 மில்லிக்கு மேல் போனால் தகட்டைச் சுத்தியலால் இன்னும் நிமிர்த்த வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பட்டியைக் காய்ந்த பேப்பரால் மட்டும் தேயுங்கள். அது தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீர் நேராகத் தகட்டுக்குப் போகும்.

மேல் பெயிண்ட் காய்ந்த பிறகு சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்பக்கத்தைத் துருவிலிருந்து காக்கும் மெழுகு, அடிக்க வேண்டும். நீளக் குழாய் உள்ள கேன் வாங்கி, குழாயை உள்ளே முழுக்க விட்டு, இழுத்துக்கொண்டே அழுத்துங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒன்றும் இல்லாததற்கு மேல்தான். ஆனால் புஷ் ரப்பர்கள் ஊதிப்போகும், வைக்கோல் தூசு இன்னும் நன்றாக ஒட்டும். கறுப்பு ரப்பர் கோட்டிங்கைத் துரு எடுக்காமல் பூசுவது அதைவிட மோசம்.

வேக்ஸ் அடித்த மறுநாள் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் விட்டுத் திருப்புங்கள், வேக்ஸ் அடைத்திருக்கும். பிறகு கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கில் அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் கதவின் எல்லா ஓட்டையிலும் சொட்ட வேண்டும். எங்காவது சொட்டவில்லை என்றால் கம்பியைத் திரும்ப எடுங்கள்.