பூக்கன்றுக்குப் போர்வை

ஐப்பசி மழை இரண்டு விழுந்துவிட்டால் ஊரில் எல்லாரும் நேர்சரிக்காரர்தான். செம்பரத்தைக் கொப்பை முறித்து ஈரமண்ணில் குத்திவிட்டுப் போனால் போதும், தானாகத் துளிர்க்கும். கோடையில் என்னிடம் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய குரோட்டன், மாரியில் ஒவ்வொரு கொப்பாகப் பத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். என்னிடம் வாங்க வருகிறவர்களும் "காலபோக நெல்லு வெட்டினாப்பிறகு தாறன் அண்ணை" என்றுதான் கன்றைத் தூக்குவார்கள். வெட்டுவது தையிலும் மாசியிலும். அதுவரைக்கும் கடன் கொப்பி நிறையும், காசு லாச்சி நிறையாது.

பரந்தனுக்குக் கிட்ட, முல்லைத்தீவு றோட்டுப் பக்கமாகக் கடை. பழமரக் கன்றுகள் மட்டும் இந்த நாட்களில் நன்றாகப் போகும்: கறுத்தக்கொழும்பான் ஒட்டுமா, தேசி, கொய்யா, தென்னம்பிள்ளை. கார்த்திகையை வடமாகாண சபை மரநடுகை மாதமாக அறிவித்தது எனக்கு நல்ல உதவி. போன வருசம் வெட்டின குழியிலேயே இந்த வருசமும் படம் எடுத்து மரம் நடுகிற இடங்கள் சிலதை எனக்குத் தெரியும். ஆடு தின்றதோ, தண்ணி ஊற்ற ஆளில்லையோ, நான் கேட்பதில்லை. மாவீரர் நாளான கார்த்திகை 27ஐ ஒட்டி, நினைவாக நட என்று தென்னம்பிள்ளை வாங்க வரும் அம்மாமாரிடம் மட்டும் விலை பேசுவதில்லை. நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, ஓட்டோவில் ஏற்றிவிடுவேன்.

மழை அதிகமானால் வேறு கதை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து வெள்ளம் வந்தபோது என்னுடைய தேசிக்கன்றுகள் பையோடு மிதந்து பக்கத்து வளவுக்குப் போய்ச் சேர்ந்தன. தண்ணி வடிந்ததும் கேட்கப் போனேன். "அது என்ர வளவில நிண்டதெல்லே" என்றார் மனுசன். இப்போது குலைகுலையாகக் காய்க்கிறது. எனக்கும் அப்பப்ப நாலு காய் தருவார், மறுக்கக் கூடாது. 2020இல் புரெவிப் புயல் கரைகடந்த இரவு நிழல் வலை முழுதும் பறந்துபோனது. வெள்ளம், புயலைக்கூடப் பொறுக்கலாம். இந்த ஆபிரிக்க நத்தைகள்! இரவில் ரோச்சோடு போய் வாளி நிறையப் பொறுக்கினாலும், விடிய ஒரு மேடை நாற்று மொட்டை.

மார்கழி கிட்ட வர, ஆட்களுக்கு ஒரு குளிர்நாட்டு ஆசை பிடிக்கும். எங்கள் சின்ன வயதில் நத்தார் மரம் என்றால் சவுக்கங்கொப்பு. பால்மா ரின்னில் மண் நிரப்பி நட்டு, மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்து மேலே போட்டால் பனி. இப்போது போனில் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள், அடுக்கடுக்காய்க் கோபுரம் மாதிரி மரம் வேண்டுமாம். அதற்கென்று அரக்கேரியா வைத்திருக்கிறேன். ஆமை வேகத்தில் வளர்வது, அதனால் விலையும் கூட. விலையைக் கேட்டதும், "அண்ணை, ஒரு பக்கக் கொப்பை முறிச்சுத் தாங்கோ, நட்டு வளர்க்கிறன்" என்பார்கள். அரக்கேரியாவில் பக்கக் கொப்பை நட்டால் அது வாழ்நாள் முழுக்கப் பக்கவாட்டாகத்தான் வளரும், நிமிராது. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

போன வருசம் சுவிஸிலிருந்து வந்த தம்பி ஒருவர் அதற்கும் மேலே போனார்.

"அண்ணை, இதை ரெண்டு கிழமைக்கு வாடகைக்குத் தருவியளோ?"

"பந்தலுக்குக் கட்டுற வாழையையே ஆரும் திருப்பித் தாறேல்லை தம்பி."

கொடுத்தேன்தான். லாச்சி அப்படி. தையில் மரம் திரும்பி வந்தபோது உச்சியில் நட்சத்திரம் மாட்டப்போய்க் குருத்து முறிந்திருந்தது. அந்த மரத்துக்கு உச்சி போனால் பழைய வடிவம் வராது. இப்போது கடை மூலையில் நிற்கிறது, கோழிகள் ஏறி நித்திரை கொள்கின்றன.

இந்த வருசம் அந்த வேலையே வேண்டாம் என்று பொயின்செற்றியாவில் இறங்கினேன். நத்தார் வாழ்த்து மட்டைகளில் வருமே, சிவப்பாக, அதுதான். பூவென்று எல்லாரும் சொல்லும் அந்தச் சிவப்பு உண்மையில் இலை. பூ நடுவில் மஞ்சள் பொட்டாக இருக்கும், ஒருவரும் பார்ப்பதில்லை. சொந்த ஊர் மெக்சிகோ, கள்ளிக்குச் சொந்தக்காரர், முறித்தால் பால் வடியும். இரவு நீண்டால்தான் இலை சிவக்கும். கிழமைக்கணக்கில் ஒவ்வொரு இரவும் இடைவிடாத இருட்டு வேண்டும். ஐப்பசி தொடங்க எங்கள் ஊரிலும் இரவு பகலை மிஞ்சும், கன்று தானாகச் சிவக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் கன்று இன்னும் கோடை என்று நினைத்துப் பச்சையாகவே நிற்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு விளக்கு வேண்டும் என்று மனைவி மனு எழுதிக்கொண்டே இருந்தவர். மாரியில் புடையன் பாம்பு ஊர்கிற இடம், நியாயமான மனு. இத்தனை காலம் வராத விளக்கு இந்தப் புரட்டாதியில், நேரே என் பூக்கன்று மேடைக்கு முன்னால் வந்து நின்றது. பட்டப்பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம். கார்த்திகை பிறக்க, கொட்டிலுக்குப் பின்னால் நின்றவை சிவக்கத் தொடங்கின. முன்வரிசை ஒரு இலைகூட நிறம் மாறவில்லை.

"விளக்கைக் கழட்டச் சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

"முதல் என்னைக் கழட்டிவிட்டிட்டுப் போய்ச் சொல்லுங்கோ" என்றார்.

வேறு வழியில்லை. கறுப்புப் பொலித்தீன் வாங்கி, பின்னேரம் ஐந்தரைக்கு மூடுவதும் காலை எட்டுக்குத் திறப்பதுமாய் முன்வரிசையைப் பார்க்கத் தொடங்கினேன். சொந்தக்காரர் கலியாண வீட்டில் பந்திக்கு இருக்க முதலே "நேரமாச்சு, போத்திவிட வேணும்" என்று எழும்பினேன். ஆரைப் போத்த என்று கேட்டவர்களுக்கு மனைவி பதில் சொன்னார்: "எனக்கு ஒருநாளும் போர்வை இழுத்துவிடாத மனுசன். பூக்கண்டுக்குப் பனி பிடிக்குமாம்."

ஒழுங்கையால் போகிறவர்களுக்கு, இரவில் கறுப்புப் பொலித்தீனுக்குள் வரிசையாக ஏதோ ஒளித்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒளிப்பது ஒன்றே ஒன்றுதான், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். ஆரோ அறிவித்திருக்கிறார்கள். நடுச்சாமம் நாய் குரைக்க எழும்பிப் பார்த்தால், வாசலில் பொலிஸ் ஜீப். ஒருவர் பொலித்தீனைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் ரோச்சை நீட்டுகிறார்.

"ஐயா, லைற் அடியாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு சாரத்தைப் பிடித்தபடி ஓடினேன்.

அவ்வளவுதான். எல்லா ரோச்சும் எரிந்தன. ஒவ்வொரு கன்றாகத் தூக்கி, பைக்கு அடியில் பார்த்து, மண்ணைக் கிண்டி, ஒருவர் குனிந்து மணந்தும் பார்த்தார். இருட்டில் வைத்தால்தான் இலை சிவக்கும் என்று என் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். என் சிங்களம் விலை பேச மட்டும் பழகினது. அவர்களுக்கு விளங்கியது, நான் எதையோ இருட்டில் விற்கிறேன் என்று. கடைசியில் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சிவந்து நின்றதைக் காட்டினேன். சார்ஜன்ற் சிரித்துவிட்டார். ஊர் நீர்கொழும்பாம், வீட்டில் நத்தாராம். இரண்டு சிவப்புக் கன்று கேட்டார். காசு கொடுத்தார், அதையும் எழுதத்தான் வேண்டும்.

முன்வரிசை அதோடு கைவிட்ட கேஸ். பொலித்தீனை மடித்து வைத்தேன்.

நத்தாருக்குக் கிட்டவாக ஒரு நாள் பேத்தியோடு ஒரு ஆச்சி வந்தா. பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கப் பூக்கன்று வேண்டுமாம். பின்னாலிருந்து நல்ல சிவப்பாக ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஏன் மோனை, பழுத்த இலைக் கண்டை என்ர தலையில கட்டப் பாக்கிறியே? அந்தா, முன்னுக்குப் பச்சைப்பசேலெண்டு நிக்குது, அதில தா."

விளங்கப்படுத்த வாயெடுத்தேன். மனைவி கொட்டிலுக்குள்ளிருந்து கனைத்தார். முன்வரிசையில் ஐந்து கன்று, முழு விலை, கைக்காசு. ஆச்சி ஓட்டோவில் ஏறினதும் மனைவி வெளியே வந்து தெருவிளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, லாச்சியைத் திறந்து காசை எண்ணினார்.

"அடுத்த மனு எழுதப்போறன். கொட்டிலுக்குப் பின்னாலயும் ஒண்டு வேணும்."